எந்தப் பங்கு ஏறும் என்று சொல்லித்தராத படிப்பு

கல்லூரியில் நிதிக் கணிதம் படிக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், எதிரில் இருப்பவர் அடுத்துக் கேட்பது அநேகமாக இதுதான்: “அப்போ எந்தப் பங்கு வாங்கலாம், சொல்லேன்?” படிப்பவருக்கு அது தெரியாது. பட்டம் வாங்கிய பிறகும் தெரியாது. அந்தக் கேள்வியை அவருடைய பாடத்திட்டம் எடுத்துக்கொள்வதே இல்லை. அங்கே கேட்கப்படும் கேள்வி வேறு. நாளைக்கு என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாதபோது, நாளைக்குக் கிடைக்கக்கூடிய ஒரு தொகைக்கு இன்று என்ன விலை கொடுக்கலாம்?

இந்த ஒரு வரிக்குள் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. பணம் இன்று வரவில்லை, நாளைதான் வரும் என்பது ஒன்று. வருமா, எவ்வளவு வரும் என்று தெரியாது என்பது இன்னொன்று. முதல் சிக்கலுக்குப் பள்ளிக்கூடக் கணக்கு ஏறக்குறையப் போதும். இரண்டாவதற்குத்தான் மீதி ஆண்டுகள் முழுவதும் தேவைப்படுகின்றன.

காலத்தின் விலை

பத்து ஆண்டுகள் கழித்து 100 தருகிறேன் என்று நம்பகமான ஒருவர் எழுதிக் கொடுக்கிறார். அந்தக் காகிதத்துக்கு இன்று என்ன மதிப்பு? ஆண்டுக்கு 7 சதவீத வட்டி என்றால், 100-ஐ 1.07-ஆல் பத்து முறை வகுக்க வேண்டும். விடை 50.83. இன்று 50.83-ஐ வங்கியில் போட்டால் பத்தாண்டில் அது 100 ஆகிவிடும் என்பதால், காகிதத்தின் விலையும் அதுவே. இதற்கு நிகழ்கால மதிப்பு என்று பெயர். கூட்டு வட்டியைத் திருப்பிப் போட்டதுதான், புதிதாக ஒன்றுமில்லை.

வட்டி 8 சதவீதமாக ஏறினால் என்ன ஆகும்? அதே காகிதத்தின் மதிப்பு 46.32 ஆகிவிடும். விகிதம் ஒரு புள்ளி ஏறியதற்கு விலை கிட்டத்தட்ட 9 சதவீதம் விழுந்திருக்கிறது. ‘வட்டி உயர்வால் கடன் பத்திரங்களின் விலை சரிவு’ என்று செய்தியில் படிப்பதன் பின்னால் இருப்பது இந்த வகுத்தல்தான். விலை எவ்வளவு வேகமாகச் சரியும் என்று கேட்டால் வகையீடு வேண்டும். அந்த வேகம் எப்படி மாறும் என்று கேட்டால் இரண்டாம் வகையீடு. பள்ளியில் எதற்கென்றே தெரியாமல் போட்ட கணக்குகள் இங்கே வேலைக்கு வருகின்றன.

மாதத் தவணையும் இதே குடும்பம்தான். 1,00,000 கடன், மாதத்துக்கு 1 சதவீத வட்டி, 120 மாதத் தவணைகள். பெருக்குத் தொடரின் கூட்டுத்தொகையை வைத்துக் கணக்கிட்டால் மாதம் சுமார் 1,435 கட்ட வேண்டும். முதல் தவணையில் 1,000 வட்டிக்கே போய்விடும், அசலில் குறைவது 435 மட்டுமே. அசலில் பாதி அடைவதற்கு 77 தவணைகள் ஆகும். பத்தாண்டுக் கடனில் ஐந்தாவது ஆண்டின் முடிவில் பாதிக் கடன் முடிந்திருக்கும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். இந்த ஒரு அத்தியாயத்தைப் பட்டப்படிப்பு படிக்காதவர்களும் படித்து வைப்பது நல்லது.

ஒரு சின்னத் தகவல். கணிதத்தில் எங்கும் தென்படும் 2.71828 என்ற எண் கூட்டு வட்டிக் கணக்கில் இருந்து வந்ததுதான். ஆண்டுக்கு 100 சதவீத வட்டி என்றால் 1 என்பது 2 ஆகும். அதையே ஆறு மாதத்துக்கு ஒருமுறை 50 சதவீதமாகச் சேர்த்தால் 2.25. மாதாமாதம் சேர்த்தால் 2.61. நொடிக்கு நொடி சேர்த்துக்கொண்டே போனால்? யாக்கோபு பெர்னூலி என்ற சுவிஸ் கணிதவியலாளர் 1683-இல் இந்தக் கேள்வியைக் கேட்டார். தொகை எல்லையில்லாமல் வளரவில்லை, 2.71828-ஐ ஒட்டி நின்றுவிடுகிறது.

தெரியாததன் விலை

இனி இரண்டாவது சிக்கல். இந்தப் படிப்பில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இங்கேதான் வருகிறது. கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும், கொஞ்சம் பொறுமையாகத் தொடருங்கள்.

ஒரு பங்கின் இன்றைய விலை 100. ஓராண்டு கழித்து அது 120 ஆகலாம், இல்லையென்றால் 95 ஆகலாம். மூன்றாவதாக எதுவும் நடக்காது, வட்டியும் பூஜ்யம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முடிவில் அந்தப் பங்கை 100-க்கே வாங்கிக்கொள்ளும் உரிமையை ஒருவர் உங்களுக்கு விற்கிறார். உரிமை மட்டும்தான், வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இதற்கு ஆப்ஷன் என்று பெயர். பங்கு 120 ஆனால் 100-க்கு வாங்கி 120-க்கு விற்கலாம், 20 லாபம். 95 ஆனால் உரிமையைக் கிழித்துப் போட்டுவிடலாம், கிடைப்பது 0. சரி, இந்த உரிமைக்கு என்ன விலை கொடுப்பீர்கள்?

‘ஏற பாதி வாய்ப்பு, இறங்கப் பாதி வாய்ப்பு, ஆகவே 20-இல் பாதி 10’ என்று பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். சரியான விடை 4.

எப்படி? ஆப்ஷனை மறந்துவிட்டு வேறொரு காரியம் செய்யுங்கள். 0.8 பங்கு வாங்குங்கள். பங்கை உடைத்து வாங்குவது உறுத்தினால், பத்து ஆப்ஷனுக்கு எட்டுப் பங்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 80 ஆகும். அதில் 76-ஐக் கடன் வாங்கிக்கொண்டு, கையிலிருந்து 4 மட்டும் போடுங்கள். பங்கு 120 ஆனால் உங்களிடம் இருப்பது 96, கடன் 76 போக மீதி 20. பங்கு 95 ஆனால் இருப்பது 76, கடனை அடைத்தால் மீதி 0. ஆப்ஷன் தருவதும் அதே 20, அதே 0. எந்த நிலையிலும் ஒரே பலனைத் தரும் இரண்டு பொருட்களுக்கு ஒரே விலைதான் இருக்க முடியும். இதை 4 போட்டுச் செய்ய முடிகிறது என்றால் ஆப்ஷனின் விலையும் 4 தான். யாராவது அதை 10-க்கு வாங்கத் தயாராக இருந்தால், அவருக்கு ஒன்றை விற்று, 4-ஐ வைத்து இந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டு, மீதி 6-ஐப் பையில் போட்டுக்கொள்ளலாம். எந்த ஆபத்தும் இல்லை. இப்படி ஆபத்தே இல்லாமல் கிடைக்கும் லாபத்துக்கு ஆர்பிட்ரேஜ் என்று பெயர். அப்படி ஒரு வாய்ப்பு சந்தையில் நிலைத்திருக்காது என்ற ஒரே அனுமானத்தின் மேல்தான் இந்தப் பாடத்தின் பெரும்பகுதி கட்டப்பட்டிருக்கிறது.

இப்போது திரும்பிப் பாருங்கள், பங்கு ஏறும் நிகழ்தகவை நாம் எங்குமே பயன்படுத்தவில்லை. ஏற 90 சதவீத வாய்ப்பு என்று நீங்கள் நம்பலாம், 50 தான் என்று நான் நம்பலாம். 120, 95 என்ற இரண்டு எண்களை இருவரும் ஒப்புக்கொண்டால் விலையும் இருவருக்கும் 4 தான். முதல் பத்தியில் வந்த நண்பரின் கேள்விக்கு இங்கே ஏன் இடமில்லை என்பது இப்போது புரியும். பங்கு எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமலேயே விலை சொல்ல முடிகிறது.

அப்புறம் ஒரு வேடிக்கை. ஏறும் வாய்ப்பு 0.2, இறங்கும் வாய்ப்பு 0.8 என்று சும்மா ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், ஆப்ஷன் தரும் பலனின் சராசரி மதிப்பு 0.2 × 20, அதாவது அதே 4. பங்கின் சராசரி மதிப்பு 0.2 × 120 + 0.8 × 95, அதாவது இன்றைய விலையான 100. பங்கின் விலையைச் சராசரியில் ஏற்றாமலும் இறக்காமலும் வைக்கும் இந்தச் செயற்கையான நிகழ்தகவைக் கண்டுபிடித்துவிட்டால், மற்ற விலைகள் எல்லாம் வெறும் சராசரிக் கணக்காகிவிடுகின்றன. மார்டிங்கேல் என்ற சொல்லைக் கடைசி ஆண்டில் கேட்கும்போது பயந்துவிட வேண்டாம், நீங்கள் இப்போது பார்த்ததுதான் அது. இந்த ஒரு படிக் கணக்கைப் பல படிகளாக அடுக்கும் முறையை காக்ஸ், ராஸ், ரூபின்ஸ்டைன் ஆகிய மூவர் 1979-இல் வெளியிட்டார்கள்.

தண்ணீரில் மிதந்த துகளில் இருந்து

உண்மையான பங்கு விலை ஆண்டுக்கு ஒருமுறை நகர்வதில்லை, நொடிக்கு நொடி துடிக்கிறது. அந்தத் துடிப்பைக் கணிதத்தில் எப்படி எழுதுவது? 1827-இல் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர் நுண்ணோக்கி வழியாக, தண்ணீரில் மிதந்த மகரந்தத்தின் நுண்துகள்கள் நிற்காமல் அங்குமிங்கும் ஆடுவதைக் கவனித்தார். 1900-இல் பாரிசில் லூயி பாஷெலியே என்ற மாணவர் பங்குச் சந்தை விலைகளுக்கு அதே வகையான ஆட்டத்தின் கணிதத்தை எழுதி, முனைவர் பட்ட ஆய்வேடாகக் கொடுத்தார். ஐன்ஸ்டைன் துகள்களின் ஆட்டத்தை விளக்கியது அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து, 1905-இல். இயற்பியலில் இருந்துதான் நிதித்துறை கடன் வாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் பங்குச் சந்தைதான் முந்திக்கொண்டது. பாஷெலியேவை அதன் பிறகு பல பத்தாண்டுகள் பொருளாதார உலகம் ஏறக்குறைய மறந்தே போயிருந்தது.

இந்த ஆட்டத்தின் பாதை விசித்திரமானது. எங்கும் அறுந்துபோகாது, ஆனால் எந்தப் புள்ளியிலும் தொடுகோடு வரைய முடியாது. ஆகவே பள்ளியில் படித்த வகையீடு இங்கே செல்லாது. சாதாரண வளைவில் 0.01 நகர்ந்தால், அதன் வர்க்கமான 0.0001-ஐ அற்பம் என்று தூக்கிப் போட்டுவிடலாம். பிரவுனியன் பாதையில் 0.0001 நேரத்துக்குள் நகரும் தூரமே 0.01 அளவில் இருக்கும். அதை வர்க்கப்படுத்தினால் 0.0001, அதாவது கடந்த நேரத்தின் அளவே. நேரத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு அதே அளவுள்ள இன்னொன்றை மட்டும் தூக்கிப் போட முடியாது. ஜப்பானியக் கணிதவியலாளர் கியோசி இட்டோ 1940-களில் அமைத்த நுண்கணிதம், இந்தக் கூடுதல் உறுப்பை விடாமல் பிடித்துக்கொள்ளும் முறைதான். பட்டப்படிப்பின் உச்சமாகப் பல இடங்களில் வைக்கப்படுவதும் இதுவே.

அந்தக் கருவியும் மேலே பார்த்த 0.8 பங்கு யோசனையும் சேர்ந்தபோது, 1973-இல் ஃபிஷர் பிளாக், மைரன் ஷோல்ஸ் இருவரும் ஆப்ஷன் விலைக்கான தங்கள் சூத்திரத்தை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் ராபர்ட் மெர்ட்டனும் அதை விரிவாக்கினார். பிளாக்கும் ஷோல்ஸும் எழுதிய கட்டுரையை முதலில் ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின என்பது மாணவர்களுக்கு எப்போதும் பிடித்த தகவல். மாறிகளைக் கொஞ்சம் மாற்றி எழுதினால், அந்தச் சூத்திரத்தின் பின்னால் இருக்கும் சமன்பாடு, இரும்புக் கம்பியில் வெப்பம் பரவுவதை விவரிக்கும் பழைய சமன்பாடாகவே மாறிவிடும். இயற்பியல் படித்தவர்கள் இந்தத் துறைக்குள் எளிதாக நுழைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வகுப்பறையில் என்ன நடக்கும்

இவ்வளவும் கேட்டுவிட்டு உற்சாகமாகச் சேரும் மாணவருக்கு முதல் பருவத்தில் ஓர் ஏமாற்றம் காத்திருக்கும். பணம் என்ற சொல்லே காதில் விழாது. நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, கொஞ்சம் நிரல் எழுதுதல், ஓரமாகப் பொருளாதாரம். அதிலும் ‘விடை காண்க’ என்பது போய், ‘நிரூபிக்க’ என்று வரும். பள்ளியில் வேகமாகக் கணக்குப் போட்டு நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள் பலர் தடுமாறும் இடம் இது. அங்கே கேட்கப்படுவது வேறு திறமை. இரண்டாம் ஆண்டில் புள்ளியியல், வகைக்கெழுச் சமன்பாடுகள், வட்டிக் கணிதம். கடைசியில் வாய்ப்பியல் செயல்முறைகள் (தற்செயலாக மாறிக்கொண்டே போகும் அளவுகளின் கணிதம்), காலத்தொடர், ஆப்ஷன் விலை, கணினியில் தோராய விடை காணும் முறைகள், ஒரு ஆய்வுத் திட்டம். வரிசையும் பெயர்களும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். படிப்பின் கால அளவும் சில நாடுகளில் 3 ஆண்டுகள், சிலவற்றில் 4.

ஒவ்வொன்றும் எதற்கு என்று அந்த நேரத்தில் யாரும் சொல்வதில்லை. நேரியல் இயற்கணிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பங்குகள், இரண்டுக்கும் திட்ட விலக்கம் 20 சதவீதம், அதாவது ஒரே அளவு ஆட்டம். இரண்டிலும் பாதிப் பாதி பணம் போடுகிறீர்கள். இரண்டும் எப்போதும் ஒரே தாளத்தில் நகர்ந்தால் மொத்த ஆட்டம் அதே 20. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் நகர்ந்தால் சுமார் 14. நேரெதிராக நகர்ந்தால் பூஜ்யம். ஹாரி மார்க்கோவிட்ஸ் 1952-இல் எழுதிய கட்டுரையின் கரு இதுதான். 1990-இல் பொருளாதார நோபல் பரிசு அவரையும் சேர்த்து மூவருக்குக் கிடைத்தது.

இதை 500 பங்குகளுக்குச் செய்யும்போது அணிகள், அதாவது எண்களின் அட்டவணைகள், இல்லாமல் நகர முடியாது. ஒவ்வொரு பங்குக்கும் அதன் ஆட்டத்தின் அளவு ஒன்று, ஒவ்வொரு ஜோடிக்கும் சேர்ந்து நகரும் அளவைச் சொல்லும் ஓர் உடன்மாறுபாடு என்று, அந்த அணியில் 1,25,250 வெவ்வேறு எண்கள் இருக்கும். ஓராண்டில் சுமார் 250 வர்த்தக நாட்கள். ஆக, கையில் இருக்கும் தரவு 500 × 250, மொத்தம் 1,25,000. மதிப்பிட வேண்டிய எண்கள் கையில் உள்ள தரவைவிட அதிகம்! மார்க்கோவிட்ஸின் யோசனை தாளில் அழகாக இருந்து, நடைமுறையில் தடுமாறுவது இங்கேதான். புள்ளியியலை ‘துணைப் பாடம்’ என்று ஒதுக்குபவர்கள் பின்னால் வருந்துவதும் இதனால்தான்.

நிரலாக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான நிஜக் கணக்குகளுக்குச் சூத்திரமே கிடையாது. விலைப் பாதைகளை ஆயிரக்கணக்கில் கணினியில் உருவாக்கி சராசரி எடுக்கிறார்கள். மாண்டி கார்லோ முறை என்று பெயர். அதில் விடையின் துல்லியம் ஓர் இலக்கம் கூட வேண்டுமென்றால் நூறு மடங்கு அதிகப் பாதைகள் வேண்டும். ஆகவே பைத்தான், ஆர், சில இடங்களில் சி பிளஸ் பிளஸ் ஆகிய நிரல் மொழிகள். எக்செல் தெரியாமல் வேலைக்குப் போனால் முதல் வாரமே திண்டாட்டம்தான்.

மாதிரி பொய்த்த நாட்கள்

நல்ல ஆசிரியர்கள் இந்தப் பகுதியைத் தவிர்க்க மாட்டார்கள். 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டௌ ஜோன்ஸ் பங்குக் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. நாளொன்றுக்குத் திட்ட விலக்கம் 1 சதவீதம் என்று வைத்து, மணி வடிவ இயல்நிலைப் பரவலில் கணக்கிட்டால், பிரபஞ்சத்தின் வயதைப் போலப் பல கோடி மடங்கு காலம் காத்திருந்தாலும் வந்திருக்கக் கூடாத நாள் அது. ஆனால் வந்தது. பரவலின் வால் பகுதி, அதாவது மிக அரிதான பெரிய நகர்வுகள் இருக்கும் ஓரம், சூத்திரம் நினைத்ததைவிடத் தடிமனாக இருக்கிறது.

1997-இல் மெர்ட்டனுக்கும் ஷோல்ஸுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பிளாக் 1995-இலேயே இறந்துவிட்டார். பரிசு பெற்ற இருவரும் அப்போது லாங் டெர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் என்ற முதலீட்டு நிதியத்தில் பங்குதாரர்கள். அடுத்த ஆண்டே, ரஷ்யா தன் கடனைத் திருப்பிச் செலுத்தாததைத் தொடர்ந்து அந்த நிதியம் சரிந்தது. 14 நிதி நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 360 கோடி டாலர் போட்டுத் தாங்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று. அவர்களுக்குக் கணிதம் தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தொடர்பில்லாதவை என்று எண்ணிய சந்தைகள் பீதியில் ஒரே பக்கம் ஓடின, அவர்கள் வாங்கியிருந்த கடனோ மிக அதிகம்.

இதே கதைக்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பாஷெலியேவின் மாதிரியில் விலை பூஜ்யத்துக்குக் கீழேயும் போகலாம் என்பது பெரிய குறையாகச் சொல்லப்பட்டு வந்தது. பிளாக்–ஷோல்ஸ் மாதிரியில் அப்படிப் போகவே முடியாது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெயை மே மாதத்தில் பெற்றுக்கொள்வதற்கான ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. எண்ணெயை எடுத்துக்கொள்ள ஆளுக்குப் பணம் கொடுக்கும் நிலை. பிளாக்–ஷோல்ஸ் சூத்திரத்தில் விலையின் மடக்கை வருகிறது. மைனஸ் எண்ணுக்கு மடக்கை எடுக்க முடியாததால், அந்த எண்ணெய் ஆப்ஷன்களுக்கு விலை கணக்கிடும் முறையைச் சந்தை நிறுவனமே பாஷெலியேவின் மாதிரிக்கு மாற்றிக்கொண்டது. 120 ஆண்டுப் பழைய ‘குறை’ அன்றைக்குக் கைகொடுத்தது.

சேரலாமா

வணிகவியலோ நிதி மேலாண்மையோ படிப்பவர், ஒரு நிறுவனம் பணத்தை எப்படித் திரட்டுகிறது, கணக்கு எப்படி எழுதுகிறது என்று படிக்கிறார். நிதிக் கணிதம் படிப்பவருக்கு அதில் மேலோட்டமான அறிமுகம்தான் கிடைக்கும். காப்பீடு, ஓய்வூதியம் ஆகியவற்றின் ஆபத்தைக் கணக்கிடும் ஆக்சுவரி அறிவியல் இதற்கு மிக நெருங்கிய உறவு. அங்கே ஆயுள், விபத்து, ஓய்வூதியம் ஆகியவற்றின் நிகழ்தகவு கூடுதலாக வரும். எட்மண்ட் ஹாலி, ஆம், வால்மீனுக்குப் பெயர் கொடுத்தவரேதான், 1693-இல் இறப்புப் பதிவுகளை வைத்து ஆயுள் ஓய்வூதியத்துக்கு விலை கணக்கிட்டுக் காட்டியதில் இருந்து வரும் மரபு அது. நிதிக் கணிதப் பட்டதாரிகள் பலர் ஆக்சுவரித் தேர்வுகளை எழுதி அந்தப் பக்கம் போகிறார்கள். மற்றவர்கள் வங்கிகளில் ரிஸ்க் கணிப்பு, ஓய்வூதிய நிதியங்கள், தரவுப் பகுப்பாய்வு என்று போகிறார்கள். பெரிய நிறுவனங்களில் விலை மாதிரிகளையே உருவாக்கும் ‘குவான்ட்’ வேலைக்கு இளங்கலைப் பட்டம் மட்டும் பெரும்பாலும் போதாது, முதுகலையோ முனைவர் பட்டமோ கேட்பார்கள்.

என்னைக் கேட்டால், கணிதம் பிடிக்கும், ஆனால் நிதித்துறைதான் என்று இன்னும் முடிவாகவில்லை என்பவர் நேரடியாகக் கணிதமோ புள்ளியியலோ எடுப்பது நல்லது. அங்கிருந்து இங்கே வரலாம், இங்கிருந்து வேறு பக்கம் போவது கொஞ்சம் சிரமம். நிதி பிடிக்கும், கணிதத்தைச் சகித்துக்கொள்வேன் என்பவருக்கு இது கடினமான மூன்று ஆண்டுகளாக இருக்கும். இரண்டும் பிடித்தவர்கள் சேருவதற்கு முன் பாடத்திட்டத்தைத் திறந்து பார்க்க வேண்டும், பெயரை நம்பக் கூடாது. வாய்ப்பியல் செயல்முறைகளும் புள்ளியியலும் கணினி வழிக் கணக்கீடும் உள்ளே இருக்கின்றனவா? இல்லாமல், பாதிக்கு மேல் கணக்குப்பதிவியலும் மேலாண்மையும் என்றால் அது வேறு படிப்பு.

ஒரு மாலை நேரம் ஒதுக்கிச் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. எக்செலில் அந்த 120 மாதத் தவணையை வரிசையாகப் போட்டு, 77-ஆவது வரியில் மீதிக் கடன் 50,000-க்குக் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். பிறகு ஆப்ஷன் கணக்கில் 95-க்குப் பதிலாக 90 என்று வைத்து, காகிதத்தில் நீங்களே விலை கண்டுபிடியுங்கள். பங்கு இன்னும் ஆழமாக விழலாம் என்று ஆகிவிட்ட பிறகு, அதை வாங்கும் உரிமையின் விலை குறையவில்லை. 4-இல் இருந்து 6.67-க்கு ஏறிவிடுகிறது. ஏன் என்று யோசித்து அன்றிரவு தூக்கம் தள்ளிப்போனால், விண்ணப்பப் படிவத்தைத் தாராளமாக வாங்கலாம்.